சாட்சிக்குத் துணை

கூட உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா என்று அபிநயா தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். "உன் வேலை காளீஸ்வரியக்கா கூட உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின் மேடம் கறுப்புக் கோட்டின் கைகளை இழுத்துவிட்டபடி கோர்ட் ஹாலுக்குள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "வழக்கைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா, சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம்னு குறுக்கு விசாரணையில கேட்பான். அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட வாய் கொடுக்காத. இடத்தை விட்டு எந்திரிக்காத. முடியுமா உன்னால?" என்று கேட்டபோது அவள் முடியும் மேடம் என்றுதான் சொன்னாள். சொன்ன கையோடு உள்ளே எதிர்வாதம் தொடங்கிவிட்டது. மூன்றாம் வருடம் சட்டம் படிக்கிறவள். கல்லூரியில் நடத்தும் மாதிரி நீதிமன்றத்தில் எதிரே நின்ற பையனை அழும் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகாமல் மனித உரிமை வழக்குகள் நடத்தும் மேடத்தின் அமைப்பில் பயிற்சிக்குச் சேர்ந்து, வந்த நாளாக ஜெராக்ஸ் எடுத்து, கட்டுகளுக்கு நாடா கட்டி, இப்போது ஒரு பெஞ்சியில் உட்காரவும் வைக்கப்பட்டிருக்கிறாள். குடையைக்கூட இப்படித்தான் ஒரு மூலையில் சாத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பேசாதே என்று குடைக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். பக்கத்தில் காளீஸ்வரி துணிப்பையை மடியில் வைத்து அதன் காதுகளை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தாள். அரசு தரப்பு முதல் சாட்சி. கள்ளிமடையேந்தல் தொடக்கப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்தவள். அவள் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று பெற்றோர் சிலர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து, அதில் ராசாங்கம் என்பவர் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவைத் துணி சுற்றித் தூக்கி அடுப்பிலேயே கவிழ்த்து, அவள் சாதியைச் சொல்லித் திட்டி, வாசலைக் காட்டியிருக்கிறார். இதுதான் வழக்கு. அதற்குப் பிறகு அவளைத் தொலைவில் ஒரு ஹாஸ்டல் சமையலுக்கு மாற்றிவிட்டார்கள். கவிழ்த்தது ராசாங்கம்தான் என்று இன்று அவள் கூண்டில் ஏறிச் சொன்னால் வழக்கு நிற்கும். கூட்டத்தில் யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே படுத்துவிடும். கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேறு சாட்சி இல்லை. பள்ளிக்கூடத்தில் அன்று இருந்த எல்லோரும், வாத்தியார் உட்பட, பின்பக்கம் போயிருந்ததாகப் போலீசில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் போய் நிற்க அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு பெரிய பின்பக்கம் கிடையாது. அபிநயா நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

நேரில் போய்ப் பார்த்தது என்று நினைத்ததும் நினைப்பு எங்கேயோ இடறியது. அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிர்ப்பக்கம் என்றால் மெய்யாகவே எதிர்ப்பக்கம்: நடைபாதையின் அந்தச் சுவரோரம், ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே, ராசாங்கத்தின் மனைவி வள்ளிமயிலும் அவருடைய ஆட்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கம் உள்ளே இருந்தார். அவரை இந்தக் கட்டடத்துக்குள் முதல் எதிரி என்றுதான் சொல்வார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்று பாடப் புத்தகம் சொல்கிறது, கோர்ட் எதிரி என்கிறது. யாருக்கு எதிரி என்று முதல் வாரத்தில் அவள் மேடத்திடம் கேட்டு, "ரெண்டு மணிக்கு ஃபைலிங் முடிஞ்சிரும், அதுக்கு அப்புறம் கேளு" என்று பதில் வாங்கினாள். மின்விசிறியைக்கூட எதிரிகளுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். சாட்சிகளுக்கு என்று ஓர் அறை இருக்க வேண்டும், சட்டம் சொல்கிறது. அறை இருக்கவும் இருக்கிறது, அதற்குள் பழைய மேஜைகள் ஒன்றின்மேல் ஒன்று கால் தூக்கி நிற்கின்றன. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி யாரோ ஓர் அலுவலரிடம், அந்த அலுவலர் விடுப்பில். இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதினால் எத்தனை பத்தி வரும் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தாள், எழுத எழுத வேகம் வந்தது, வேகம் வந்தால் அவளுக்கு உடம்பில் ஒரு சூடு பரவும், அது அவளுக்குப் பிடிக்கும். அந்தச் சூடு தேடித்தான் சட்டம் படிக்க வந்தாளோ என்னவோ. பள்ளிக்கூடச் சமையலறை பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமா இல்லையா என்று மேடத்தோடு ஒரு முழு மத்தியானம் சண்டை போட்டிருக்கிறாள். சாதியைச் சொல்லித் திட்டியது நாலு பேர் பார்க்கிற இடத்தில் நடந்திருந்தால்தான் வன்கொடுமைச் சட்டத்தின் அந்தப் பிரிவு பொருந்தும். சமையலறைக்குக் கதவு கிடையாது, மூங்கில் தட்டிதான், தட்டிக்கு வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள், பிள்ளைகள் பொதுமக்கள் இல்லையா, ஆறு வயதில் ஒருவன் பொது ஆகமாட்டானா? அருமையான வாதம். சொல்லச் சொல்ல நாக்கு தித்தித்தது. அந்த வாதத்தில் அண்டா இருந்தது, தட்டி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். காளீஸ்வரி இருந்தாளா என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவு வரவில்லை. எங்கோ ஓரத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற பெயரில் நின்றிருப்பாள்.

பாதிக்கப்பட்டவர் இப்போது கொட்டாவி விட்டாள். இதுதான் அபிநயாவைக் காலையிலிருந்து உறுத்தியது, இந்த நிதானம். ஒரு ஊரையே எதிர்த்துச் சாட்சி சொல்லப் போகிறவள் இப்படியா இருப்பாள்? வந்ததும் கேட்ட முதல் கேள்வி, திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ் என்பது. இரண்டாவது, மேலே மாட்டியிருக்கும் படத்தில் இருப்பவர் செத்துப்போன ஜட்ஜா இருக்கிற ஜட்ஜா என்பது. நடுவில் ஒரு தடவை எதிர்ப்பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். யாருக்கு? வள்ளிமயிலுக்கா? அபிநயா அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டாள். சமரசம் பேசி முடித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் எதற்குத் தலையாட்டுகிறாள்? நேற்று மேடம் போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை, பிறகு அவளாகவே கூப்பிட்டு மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்றாள். மாடு உண்மையிலேயே போனதா? பிறழ் சாட்சி. நேற்றுவரை ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறியதும் மாற்றிச் சொல்கிறவர்களுக்கு அப்படியொரு பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் வேறொரு வழக்கில் ஒருவர் அப்படிப் பிறழ்ந்ததை அவள் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, இடி இடிக்கவில்லை. ஞாபகம் இல்லைங்க என்றார், இறங்கி வந்தார், டீ குடிக்கப் போனார். அபிநயா ஒருத்தியின் கொட்டாவியையும் தலையாட்டலையும் மாட்டையும் கோத்து ஒரு வழக்கே கட்டி முடித்துவிட்டாள், இனித் தீர்ப்புதான் பாக்கி. அதற்குள் வள்ளிமயில் எழுந்து, புடவை மடிப்பை உதறிவிட்டு, நடைபாதையைக் கடந்து நேராக வந்து பெஞ்சியின் ஓரத்தில், காளீஸ்வரியின் அந்தப் பக்கம், சொந்தக்காரி போல உட்கார்ந்தாள்.

"என்ன காளீசு, எளைச்சுப் போயிட்ட. அந்த ஆஸ்டல்ல சமைக்கிறதுல ஒனக்கே ஒரு வாய் கிடைக்காதாக்கும்" என்றாள். காளீஸ்வரி, "மூணு பஸ்சு மாறணும்ல. அதுலயே பாதி ஒடம்பு போயிருது" என்றாள். "அதத்தான் நானும் சொல்லுறேன். எதுக்கு இந்த அலைச்சல்? உள்ள கூப்பிட்டு ஆரு கவுத்தான்னு கேட்டா, கூட்டத்துல தெரியலைங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கி வா. திங்கக்கெழம நீ பாட்டுக்கு வந்து நம்மூரு அடுப்பப் பத்த வையி. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. நான் பொறுப்பு." இது குற்றம், சாட்சியைக் கலைப்பது, எந்தப் பிரிவு என்றுகூட அபிநயாவின் நாக்கு நுனியில் நின்றது. உள்ளே ஓடி மேடத்திடம் சொல்லலாம். ஓடினால் இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். வாய் திறக்கலாம், திறந்தால் மேடம் சொன்னதை மீற வேண்டும். அவள் வாய் அதற்குள் தானே திறந்துகொண்டது: "நீங்க இங்க உட்காரக் கூடாது. சாட்சிகிட்ட பேசறது சட்டப்படி தப்பு." வள்ளிமயில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாக இல்லை, சந்தையில் காய் பார்ப்பதுபோல. "ஒன்னையத் தெரியுமே. அன்னைக்கு விசாரிக்கன்னு வந்த புள்ளைகள்ல கண்ணாடி போட்ட புள்ள. சட்டம் இருக்கட்டும் தாயி. காளீசு வீட்டுல சோறு ஆக்கி வச்சுக்கிட்டு ஒங்களுக்காகக் காத்துக் கெடந்தாளே, அதுல ஒரு பருக்க ஒன் வாயில பட்டுச்சா? மாட்டோம்னுட்டு வந்து எங்க பெரியப்பா கடையில ஆளுக்கு ரெண்டு பருப்பு வடை தின்னீகள்ல. பெரியப்பா அன்னைக்கே வந்து சொல்லிச் சிரிச்சாக. எங்க வீட்டுப் புள்ளைக திங்காட்டி கேசு, நீங்க திங்காட்டி என்னது அது? எங்க வக்கீலும் அதத்தான் கேக்கப் போறாராம்." சொல்லிவிட்டு எழுந்து, காளீஸ்வரியின் தோளை ஒரு தட்டு தட்டி, மின்விசிறிக்குத் திரும்பிப் போனாள்.

வடை. நினைப்பு இடறியது இங்கேதான் என்று அபிநயாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், வெயிலில் உட்கார்ந்திருக்கும் நாயைச் சுற்றிப் போவதுபோல. நான்கு மாணவர்கள் போயிருந்தார்கள். பள்ளியைப் பார்த்து, தட்டியை அளந்து, படம் எடுத்து, கடைசியில் காளீஸ்வரி வீட்டுக்கு. வாசலில் நுழையும்போதே கருவாட்டுக் குழம்பு வாசம். தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, அவித்த முட்டை தனியாக ஒரு கிண்ணத்தில். அவர்கள் காலையில் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீயோடு நின்றவர்கள். கூட வந்த பையன் ஒருவன் தட்டைப் பார்த்தபடி உட்காரவே போய்விட்டான், அவள்தான் மெல்லிய குரலில், ஆங்கிலத்தில், நெறிமுறையை ஞாபகப்படுத்தினாள். பயிற்சியின் முதல் நாள் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தார்கள்: கள ஆய்வுக்குப் போகிற இடத்தில் பாதிக்கப்பட்டவரிடம் உணவோ அன்பளிப்போ பெறக் கூடாது. சரியான விதி. இல்லாதவர்களிடம் போய் விருந்து உண்ணக் கூடாது, சாப்பிட்டுவிட்டு அறிக்கை எழுதினால் அறிக்கையின் நடுநிலையைக் கேள்வி கேட்பார்கள். எந்த வழக்கிலும் சரியான விதிதான். நிலப் பிரச்சினையில் சரி, போலீஸ் அடித்த வழக்கில் சரி. சமைத்தவள் கையால் சாப்பிடமாட்டோம் என்பதே குற்றமாக இருக்கிற வழக்கில்? இந்தக் கேள்வி அன்றைக்கு ஏன் வரவில்லை? ஆறு வயதுப் பையன் பொதுமக்களா என்று கேட்கத் தெரிந்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? "சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்க்கா" என்று அவள்தான் சொன்னாள். எல்லோருக்கும் சேர்த்து, சிரித்தமுகமாக. காளீஸ்வரி, "அப்பிடியா, சரி பாப்பா" என்று சட்டியை மூடினாள். வற்புறுத்தவில்லை. எந்த வீட்டிலும் வற்புறுத்துவார்கள், ஒரு வாய் மட்டும் என்பார்கள், அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அந்தப் பதில் வரும் என்று தெரிந்தவள்போல மூடி கையிலேயே இருந்தது. பிறகு முக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது பசி கண்ணை இருட்டியது, கடை இருந்தது, கடைக்காரர் பாதிக்கப்பட்டவர் இல்லை, விதியில் தடை இல்லை, தின்றார்கள். அறிக்கையில் நெறிமுறைகள் கடைப்பிடிக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதினாள். மேடம் அந்த வரியில் நின்று, "சாப்பிடலையா?" என்றார். "ரூல் மேடம்" என்றாள். மேடம் "ம்" என்றார், அடுத்த பக்கம் புரட்டினார். அந்த ம் என்னவாக இருந்திருக்கும்? பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவள் அன்று ஹாஸ்டலுக்கு நிம்மதியாகப் போனாள்.

சரி, விதி. விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வாதம் முடிந்தது. ஆனால் வாதத்தில் பழகியவளுக்கு எதிர்வாதமும் தானாக வரும், அதுதான் தொல்லை. விதி ஞாபகம் வந்து வேண்டாம் என்று தோன்றியதா, வேண்டாம் என்று தோன்றி விதி ஞாபகம் வந்ததா? எது முதலில்? வாசலில் நுழைந்தபோது, அந்த வாசத்தில், தொண்டைக்கு அருகில் ஏதோ ஒன்று சுருங்கியதா? கருவாடு அவள் வீட்டில் சமைப்பதில்லை, அதனால் இருக்கலாம். அதனால்தானா? முட்டையும் இருந்ததே. முட்டை சாப்பிடுவாளே. ஈரோட்டில் அவள் வீட்டுப் பின்பக்க ஜன்னல் திண்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கும், பாத்திரம் கழுவ வருகிறவளுக்கு. பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பைப் படித்துவிட்டு வந்து அம்மாவோடு ஒரு வாரம் சண்டை போட்டு அந்த டம்ளரை எடுக்க வைத்தாள். ஜெயித்தாள். அவள் ஜெயித்த முதல் வழக்கு என்று கல்லூரியில் மேடையேறிச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறாள். அம்மா அடுத்த வாரமே காகித டம்ளர் கட்டு ஒன்று வாங்கிவந்து வைத்துவிட்டாள் என்பதை மேடையில் சொன்னதில்லை. யார் வந்தாலும் அதில்தான் டீ, இப்ப எல்லாரும் ஒண்ணுதானே என்று அம்மா கேட்டாள், அவள் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் வளர்ந்த தொண்டை. தொண்டைக்கு எந்தச் சட்டக் கல்லூரியில் இடம் கொடுப்பார்கள்? இதையெல்லாம் ஒரு மனிதர் உள்ளே நின்று கேட்கப் போகிறார், அதற்காக ஃபீஸ் வாங்கியிருக்கிறார். தன்னிடம் கேட்டால்கூடப் பரவாயில்லை, வெட்டிப் பேசிவிடலாம். காளீஸ்வரியிடம் கேட்பார்.

தாகம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. பாட்டிலை ஹாஸ்டலில் வைத்துவிட்டு வந்திருந்தாள், வாயை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். காளீஸ்வரி பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, வாயில் படாமல் குடித்து, மூடியைத் திருகி, பாட்டிலைத் தன்னுடைய அந்தப் பக்கம் வைத்தாள். வேணுமா என்று கேட்கவில்லை. முகத்தில் கோபம் எதுவும் இல்லை, மறந்ததுபோலவும் இல்லை. ஒரு தடவை கேட்டாயிற்று, பதில் தெரிந்தாயிற்று, மறுபடி கேட்டு எதிராளியைச் சங்கடப்படுத்துவானேன் என்பதுபோல. அக்கா கொஞ்சம் தண்ணி குடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது, வள்ளிமயில் அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, வள்ளிமயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் அது தாகமாக இருக்காது. தடயம் தயாரிப்பதாக இருக்கும். பாருங்கள் நான் குடிக்கிறேன் என்று காட்டுவதற்கு இவளுடைய தண்ணீரை எடுத்துக்கொள்வது. கேட்காமல் இருந்தால்? அன்று செய்ததையே இன்னொரு தடவை செய்வது. வள்ளிமயில் வருவதற்கு முன்னால் தாகம் எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? அண்ணாந்து குடிப்பதா, வாய் வைத்துக் குடிப்பதா என்பது அடுத்த கேள்வி. அவள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள், ஆனால் இங்கே அண்ணாந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும், வாய் வைத்தால் வேண்டுமென்றே வைத்ததாகிவிடும். ஒரு வாய்த் தண்ணீருக்கு இரண்டு பக்க வாதத்தையும் அவள் தயாரித்து முடிப்பதற்குள் காளீஸ்வரி பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"ஏன் பாப்பா" என்றாள் காளீஸ்வரி, எதிர்ப்பக்கம் பார்த்தபடியே. "அதக் கேட்டா நான் என்ன சொல்லணும்?" எதை என்று அபிநயா கேட்கவில்லை. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது வழக்கைப் பற்றியதா? இது தன்னைப் பற்றியது அல்லவா? சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. ஒரு வரி போதும். அந்த வக்கீலின் கேள்வி அங்கேயே செத்துவிடும், இவள் சொன்னால் மறுக்க வடைக்கடைக்காரர்தான் வர வேண்டும், அவர் கோர்ட் ஏறுகிற ஆள் இல்லை. வழக்குக்கும் நல்லது. வழக்குக்காகத்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தித்திப்பாகவே வந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. வள்ளிமயில் சொல்லச் சொன்னதும் ஒரு வரிதான். "நடந்ததச் சொல்லுங்கக்கா" என்றாள். காளீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "நடந்ததச் சொன்னா ஒங்களுக்குக் கொறச்சலா இருக்காதா? மேடம் வையமாட்டாகளா?" "அது பரவாயில்ல." "இல்ல, கேட்டுக்கிட்டேன். வள்ளிமயில் சொன்னத யோசிச்சுக்கிட்டே இருந்தேன். திங்கக்கெழம வந்து அடுப்பப் பத்த வையிங்கிறா. பத்த வச்சா? ஆரு கவுத்தான்னு தெரியாதுன்னு நானே சொல்லிட்டு, அதே அடுப்புல போயி நின்னு, மறுவாட்டி கவுத்தான்னா அப்பயும் தெரியாதுன்னுதான சொல்லணும்." அப்படியானால் சொல்லப் போகிறாளா, மாட்டாளா? கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்பது விதி. இந்தத் தடவை விதி உள்ளங்கையில் வெந்நீர்போல இருந்தது. டவாலி போட்ட கோர்ட் சேவகன் வாசலுக்கு வந்து காளீஸ்வரி, காளீஸ்வரி, காளீஸ்வரி என்று, பக்கத்திலேயே இருக்கிறவளை ஊருக்கு அப்பால் இருக்கிறவளைப்போலக் கூவினான். அவள் எழுந்து பையை அபிநயாவின் மடியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றப் போனாள். "செருப்போட போலாம்க்கா" என்றாள் அபிநயா. "போலாமா?" என்று மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வாசலுக்குள் அபிநயா போகக் கூடாது. கண்ணில் பட்டால் சாடை காட்டுவதாகச் சொல்வார்கள். அரைக் கதவுக்கு வெளியே சுவரோடு நின்றாள். வள்ளிமயிலும் எழுந்து வந்து கதவின் அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே காளீஸ்வரியின் குரல் எதுவும் கேட்கவில்லை, அது அவ்வளவு சின்னதாக இருந்தது. கேட்டது நீதிபதியின் குரல்தான். சாட்சி அவள் பேச்சில் சொல்வதை அவர் வாங்கி, கோர்ட் தமிழாக்கி, தட்டச்சரிடம் ஒரே சுதியில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேற்படி பள்ளியில் சத்துணவுச் சமையலராகப் பணியில் இருந்தேன். எதிரிகளை எனக்குத் தெரியும். சம்பவ நாளன்று காலை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது. எந்த வார்த்தையும் காளீஸ்வரியின் வார்த்தை இல்லை, எல்லாம் அவள் சொன்னதுதான். பிறகு அந்தக் குரலும் நின்றது. அரசு வக்கீல் ஏதோ கேட்டார். விசை தட்டும் சத்தம் இல்லை. வள்ளிமயில் தாலிச் சரட்டை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். "சத்தமா சொல்லும்மா" என்றார் நீதிபதி. பின்பு, அதே சுதியில், "ஆஜரில் உள்ள முதல் எதிரிதான் சாம்பார் அண்டாவை அடுப்பில் கவிழ்த்தவர்." விசைகள் மளமளவென்று ஓடின. அபிநயா கட்டிய வழக்கு, அந்தக் கொட்டாவியும் தலையாட்டலும் மாடும், ஓசையில்லாமல் சரிந்தது. அதைப் பற்றி வருத்தப்பட அவளுக்கு நேரம் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டிருந்தார். அவருடைய குரல் நன்றாகக் கேட்டது, சிரிப்பும் கேட்டது. அரசு வக்கீலோடு காளீஸ்வரிக்காக உட்கார்ந்திருந்த மேடம் எழுந்து சம்பந்தமில்லாத கேள்வி என்றார். எழுதிக்கிறேன் என்றார் நீதிபதி, வக்கீலின் கேள்வியையும் சாட்சியின் பதிலையும் ஒரே வாக்கியமாக்கிச் சொல்லத் தொடங்கினார். மேற்படி அமைப்பைச் சேர்ந்தவர்கள் என் வீட்டிற்கு வந்தார்கள் என்றால் சரிதான். நான் அவர்களுக்கு உணவு சமைத்து வைத்திருந்தேன் என்றால் சரிதான். அவர்கள் என் வீட்டில் உணவருந்தவில்லை என்றால் சரிதான். அதனால் எனக்கு மனவருத்தம் எதுவும் ஏற்படவில்லை என்றால் சரியல்ல.

அபிநயா சுவரைப் பார்த்தாள். விதியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆங்கிலத்திலாவது, யாரிடமாவது. அவள் இந்த வழக்கில் யாருமில்லை, அவள் எழுந்து நின்று சொல்ல ஓரிடமும் இல்லை. ஆனாலும் அவர்கள் மீது நான் புகார் கொடுக்கவில்லை என்றால் சரிதான், என்றார் நீதிபதி. வக்கீல் உட்காரப் போன சமயத்தில் உள்ளே காளீஸ்வரி எதையோ, யாரும் கேட்காமலே, சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். நீதிபதி உடனே எழுதச் சொல்லவில்லை, அதைத் தன் தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தவர்போல நிறுத்தி, பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாட்சி தானாகவே சொல்கிறார். அவர்கள் சாப்பிடவில்லை, ஆனால் என் அடுப்பை அணைக்கவில்லை. நான் அந்தச் சோற்றை அன்றிரவு என் பிள்ளைகளோடு சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் கவிழ்த்ததை யாரும் சாப்பிட முடியவில்லை." மறு விசாரணை இல்லை, என்றார் அரசு வக்கீல்.

வள்ளிமயில் சரட்டை வாயிலிருந்து எடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது, இருந்தாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "கேட்டியா? எங்க ஆள மட்டுமில்ல, ஒங்களையும் சேத்துத்தான் எழுதிக்கிட்டாக" என்றாள். அபிநயாவிடம் அதற்குப் பதில்கள் இருந்தன, ஒன்றல்ல, பலவாக, ஒவ்வொன்றும் போதுமான அளவுக்குச் சரியாக.

"எழுதட்டும்" என்றாள்.